இந்தக் கரையில சண்டை இல்ல

— அப்ப எங்க ஊரை எந்த வரிசையில எழுதப்போறே, அதைச் சொல்லு.

— பெரியப்பா, இப்பத்தான் கப்பல்லேர்ந்து இறங்கியிருக்கேன். இந்த இளநியையாவது குடிக்க விடுங்க.

— குடி, குடி. குடிச்சுக்கிட்டே கேளு. அமைதியான ஊருன்னு மட்டும் எழுதிடாதே, பார்த்துக்க.

— அமைதியான ஊருதானே?

— அதாம்மா எங்களைப் பிடிச்ச கேடு. எவர்லின், நீ தலைநகரத்துல, ஹோனியாராவுல வளர்ந்தவ. என் தம்பி மகள்ங்கறதால உரிமையோட கேக்கறேன். சண்டைக் காலம் முடிஞ்சப்ப துப்பாக்கியை எல்லாம் முதல்ல கடல்ல போட்டது யாரு?

— நம்ம ஊரு.

— பன்னி வெட்டி, சிப்பி மாலை கொடுத்து, ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரங்களோட சமாதானம் பேசினது யாரு?

— நீங்கதான். அப்பா நூறு தடவை சொல்லியிருக்காரு.

— ரெண்டு துப்பாக்கியைக் கூரையில சொருகி வெச்சுக்கிட்டது யாரு? அந்தக் கரை. ஆஸ்பத்திரி யாருக்கு வந்துச்சு? அந்தக் கரைக்கு. மோட்டார் படகு? அந்தக் கரைக்கு. எங்களுக்கு என்ன கொடுத்தாங்க தெரியுமா உங்க சமாதான ஆபீஸ்ல?

— என்ன?

— தொப்பி. ‘சமாதானம் நம் கையில்’னு போட்ட தொப்பி. இதோ தலையில இருக்கு பாரு. சாயம்கூட போகல.

— சிரிப்பு மூட்டாதீங்க பெரியப்பா. அப்ப அங்கதான் மறுபடி வெடிக்கும்னு பயந்தாங்க. அதான் அங்க கொடுத்தாங்க. யாரு கையில என்ன பலம் இருக்கு, யாரு சொன்னா யாரு கேப்பாங்க, எதைக் கொடுத்தா எது அடங்கும், எது உடையும். இதைப் பார்த்து எழுதத்தான் என்னை அனுப்பறாங்க. நான் எழுதறதை வெச்சுத்தான் பணம் எங்க போகணும்னு முடிவு பண்றாங்க.

— அதேதான் நானும் சொல்றேன். இங்க வெடிக்கும்னு எழுது.

— வெடிக்குமா?

— வெடிக்க வைக்கலாம்.

— பெரியப்பா!

— கத்தாதே. உள்ளே நெட்டி படுத்திருக்கா. எட்டாம் மாசம். கால் ரெண்டும் வீங்கிப் போயிருக்கு. என் கடைசி மக இந்த ஆத்து முகத்தை எதுல தாண்டி ஆஸ்பத்திரி போவா? துடுப்புப் படகுல. என் கூடப் பிறந்தவளை அப்படிக் கொண்டு போனோமே, என்ன ஆச்சு? உனக்கே தெரியும். நான் பேர் சொல்ல மாட்டேன்.

— தெரியும்.

— அப்ப எழுது.

— நான் பார்க்காததை எழுத முடியாது.

— பார்த்தா எழுதுவியா?

— பார்த்தா... என்ன பெரியப்பா இது, யாரது படகுல வர்றது?

— என் மச்சான். உன் பெரியம்மாவோட அண்ணன். அந்தக் கரைக்குத் தலைவரு. நான்தான் வரச் சொன்னேன். ஜாஸ்பர்! இந்தப் பக்கமா இறங்குடா, அங்க சேறு!

— இறங்கிட்டேன், இறங்கிட்டேன். அட கடவுளே, இந்த வயசுல எதிர்த்தண்ணியில துடுப்பு போட வெச்சுட்டியே. எவர்லினா இது? பாக்கு போடறியாம்மா? சுண்ணாம்பு நானே சுட்டது.

— வேண்டாம் மாமா. மோட்டார் படகு இருக்கே, அதுல வரக் கூடாதா?

— சாவி பசங்ககிட்ட. நான் தலைவருன்னு பேரு. பழைய துப்பாக்கிப் பசங்களுக்கு மனசு மாறட்டும்னு உங்க ஆபீஸ் படகை அவனுங்க கையில கொடுத்துச்சு. மனசு மாறிடுச்சு, இப்ப என்னையே வாடகை கேக்கறானுங்க. சரி மச்சான், எதைப் பத்தி சண்டைன்னு சொன்னே? பன்னியா, பாறைத்திட்டா?

— பாறைத்திட்டுடா! பன்னி போன தடவை சொன்னது.

— என் எதிர்லயே ஒத்திகை பார்க்கறீங்களா ரெண்டு பேரும்?

— நீ பேனாவை எடும்மா. பார்க்கறதை எழுது, போதும். ஜாஸ்பர், ஆரம்பிக்கறேன். டேய்! என் பாறைத்திட்டுல உங்க பசங்க எப்படிடா வலை போடுவாங்க?

— போடுவாங்க! திட்டு என்ன உங்கப்பன் சொத்தா?

— ஆமாடா, எங்கப்பன் சொத்துதான்!

— ஆமா... மச்சான், அது நிஜமாவே உங்கப்பா சொத்துதானே. இதுக்கு மேல நான் என்ன சொல்றது?

— மறுத்துப் பேசுடா! நெட்டி உனக்கும்தானே மருமக? அவளுக்காகத் திட்டு. எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி திட்டு. உனக்கு ஆஸ்பத்திரி போதாது, படகு போதாது, இப்ப என் பாறைத்திட்டும் வேணுமா?

— வேணும்! எங்ககிட்ட படகு இருந்தா உனக்கு ஏன்டா வயிறு எரியுது?

— படகா? அந்தப் படகு வந்திருந்தா அவ இன்னைக்கு உயிரோட இருப்பா.

— மச்சான், இது நாம பேசினதுல இல்ல.

— கொட்டற மழையில கரையில நின்னு சிவப்புத் துணியை ஆட்டினோம். நீ பார்த்தியா இல்லையா?

— பார்த்தேன். சாவி என்கிட்ட இல்ல. பசங்க ஃபுட்பால் பார்க்கப் போயிட்டானுங்க.

— ஓடிப்போய் வாங்கிட்டு வந்தியா?

— மழைடா அன்னைக்கு!

— எங்களுக்கும் அதே மழைதான். அவளைத் துடுப்புப் படகுல படுக்க வெச்சு, மேல வாழை இலையை மூடிக்கிட்டுப் போனோம். ஆத்து முகத்துல அலை. பாதியிலேயே பேச்சு நின்னு போச்சு. நீ அந்தக் கரையில குடை பிடிச்சுக்கிட்டு நின்னே.

— பெரியப்பா, போதும்.

— மூணு வருஷமா என் வீட்டுல சாப்பிட்டே, சிரிச்சுப் பேசினே! இந்த முள்ளை வாய்க்குள்ளயே வெச்சிருந்தியா? சாவி இல்லன்னு நான் எத்தனை தடவைடா சொல்றது? போடா, போய் உன் தங்கச்சியோட எலும்பைத் தின்னு!

— மாமா!

— ...மச்சான்.

— அவரு முகத்தைப் பார்த்து எதுவும் பேசாதீங்க மாமா. கொஞ்சம் பேசாம இருங்க.

— மச்சான், நீதானே திட்டச் சொன்னே.

— என்னைத் திட்டச் சொன்னேன்.

— வாயில வந்துடுச்சு. நான் நினைச்சு சொல்லல.

— செத்தவளைத் திட்டியிருக்கே. விளையாட்டுக்குச் சொன்னாலும் சொன்னதுதான். நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.

— தெரியும். அபராதம் கட்டறேன். சிவப்புச் சிப்பி மாலை ஒண்ணு, கோரைப்பல் வளர்ந்த பன்னி ஒண்ணு. நாளைக்கே கொண்டு வர்றேன்.

— நாளைக்கே வரணும். வாழைத்தோப்பைத் திரும்பிப் பாரு. என் அண்ணன் பசங்க அங்க நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டாங்க.

— கையில என்ன வெச்சிருக்கானுங்க?

— புல்லு வெட்டற கத்தி. புல்லு வெட்டத்தான் வந்தானுங்க. இப்போதைக்கு.

— அட கடவுளே.

— எவர்லின், நீ என்ன எழுதறே?

— பார்த்ததைப் பெரியப்பா. நீங்க கேட்டபடிதான். ரெண்டு கரைக்கும் நடுவுல பகை இருக்கு, அது எங்கேர்ந்து வந்ததுன்னும் தெரிஞ்சு போச்சு, எப்ப வேணா வெடிக்கும். ஆபீஸ்ல இதைப் பார்த்தா இந்த ஊரு முதல் வரிசைக்கு வந்துடும். ஆஸ்பத்திரி கேக்கலாம்.

— எழுதாதே.

— என்னது?

— அடிச்சுடு அதை.

— கொஞ்ச நேரம் முன்னாடி எழுது எழுதுன்னு கெஞ்சினீங்களே!

— அப்ப அது பொய்யும்மா. பாறைத்திட்டுச் சண்டையை நீ எழுதியிருந்தா யாருக்கும் வலிச்சிருக்காது. இது நிஜம். பன்னியைக் கட்டினதும் அந்த வார்த்தையை ரெண்டு கரையிலயும் யாரும் திரும்பச் சொல்லக் கூடாது. அதோட அது போயிடும். நீ எழுதி வெச்சா எப்படிப் போகும்? உங்க ஆபீஸ்ல ஒருத்தன் படிப்பான், இன்னொருத்தன்கிட்ட கொடுப்பான், அவன் எங்கயோ கூட்டத்துல எழுந்து நின்னு சத்தமாப் படிப்பான். ஒவ்வொரு தடவையும் என் தங்கச்சி திட்டு வாங்குவா. எத்தனை பன்னி கட்டுவான் இவன்?

— அந்த வார்த்தையை விட்டுட்டு எழுதறேன்.

— ஏன் பகைன்னு கேப்பாங்க. நீ சொல்லுவே. சொல்லத்தானே உன்னை வெச்சிருக்காங்க?

— எழுதலைன்னா நான் ‘இந்தக் கரையில சண்டை இல்ல’ன்னுதான் போட முடியும். ஆஸ்பத்திரி வராது.

— தெரியும்.

— இன்னொரு தொப்பி வேணா வரும்.

— தெரியும்னு சொன்னேன்ல!

— நெட்டி?

— ...நெட்டியைத் துடுப்புப் படகுல கொண்டு போவோம். வேற என்ன செய்ய? அந்தக் கத்தி புல்லோட நிக்கணும், பார்த்துக்க. அதுதான் முதல்ல.

— சரி. கிழிச்சுட்டேன். பார்த்தீங்களா ரெண்டு பேரும்? கிழிச்சாச்சு. ஜாஸ்பர் மாமா, இப்ப உங்களை ஒண்ணு கேக்கறேன். நெட்டிக்கு வலி வந்தா படகை அனுப்புங்கடான்னு உங்க பசங்ககிட்ட நீங்க கேக்க முடியாதா?

— கேட்டேம்மா. கேக்காம இருப்பேனா? என் தங்கச்சி பெத்த பொண்ணாச்சே. பெட்ரோலுக்கு யாரு கொடுப்பான்னு சிரிக்கறானுங்க. நான் கேட்டா அவனுங்க தரணும்னு ஒண்ணும் இல்லையே.

— அபராதம்னா?

— அபராதம்னா பேச்சே இல்ல. திட்டினது நானா இருந்தாலும் மொத்த வம்சமும் சேர்ந்துதான் கட்டணும். துப்பாக்கி வெச்சிருந்தவன் என்ன, தொட்டில்ல கிடக்கறவன் என்ன. மாட்டேன்னு எவனாவது சொன்னா அவங்கம்மாவே அவனுக்குச் சோறு போட மாட்டா. ஏன் கேக்கறே?

— பெரியப்பாவுக்குப் பன்னியும் மாலையும் வரும். நீங்க திட்டினவளுக்கு அண்ணன் ஒருத்தர் மட்டும் இல்லையே. எங்கப்பா ஹோனியாராவுல இருக்காரு. அவரு பங்கு எங்கே?

— அவனுக்கும் ஒரு பன்னி—

— ஹோனியாராவுல எங்க குடியிருப்புல பன்னியை எங்க கட்டறது மாமா? எங்கப்பா பங்கை நான் வாங்கிக்கறேன். நெட்டிக்குக் குழந்தை பிறக்கற வரைக்கும் உங்க மோட்டார் படகு இந்தக் கரையில நிக்கணும். சாவி பெரியப்பா கையில.

— எவர்லின், என்னம்மா பேசறே? இது...

— நீங்க சும்மா இருங்க பெரியப்பா. மாமா பதில் சொல்லட்டும்.

— அட கடவுளே. நீ அந்தப் படகைக் கேக்கலாமா? அது உங்க ஆபீஸ் கொடுத்தது. நீ ஆபீஸ் ஆளு. ஆபீஸ் எங்களுக்குக் கொடுத்ததை ஆபீஸே திரும்பக் கேட்டா பசங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?

— நீங்க திட்டினது ஆபீஸை இல்ல மாமா. என் அத்தையை.