சில்லுக்குக் கீழே இரண்டு தேசிக்காய்

விளக்கை அணைக்கச் சொன்னது யார்? சரி, அணையுங்கள். ஆனால் கதை முடியும்வரை யாரும் தண்ணீர் குடிக்க எழும்பக்கூடாது. எழும்பினால் நான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன், சொல்லிப்போட்டேன்.

நேரம் பின்னேரம் ஆறு மணி. ஒக்டோபர் மாதம். ஒஸ்லோவுக்கு வடக்கே, காட்டுக்குள் போகிற ஒரு சரளைக்கல் கிரவல் வீதி... முன்னாலும் வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை. மழை விட்டிருந்தது. மரங்களில் தங்கிய தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கார்க் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

காரை ஓட்டியவர் உதயகுமாரி. என் சிநேகிதி துஷ்யாவுக்குச் சொந்தப் பெரியம்மா, ஒஸ்லோவின் புறநகர் புருசெத்தில் இருக்கிறார். பக்கத்து ஆசனத்தில் அவருடைய கணவர் இராசையா. காருக்குப் பின்னால் கொழுவியிருந்தது அவர்களுடைய புதுக் கரவன், சில்லு வைத்த சின்ன வீடு மாதிரி. புதிது என்றால் இவர்களுக்குத்தான் புதிது. ஏற்கனவே இரண்டு குடும்பங்கள் படுத்து எழும்பிய கரவன். அதில் இவர்களுக்கு இதுதான் முதல் பயணம்.

இராசையா காலமெல்லாம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். அந்தக் கோடையில்தான் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்திருந்தார்கள். பாரம் தூக்கக்கூடாது, தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உதயகுமாரிக்கு உலகத்தில் ஒரே வேலை, அந்த மனிதரைக் காப்பாற்றுவது. கடைக்குப் போனால் பால் பெட்டியைக்கூட அவர் கையில் கொடுக்கமாட்டார். இரவில் எழும்பி அவருடைய மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பார்... மூச்சு வருகிறதா என்று. அவ்வளவு பயம்.

கரவன்களை நிறுத்தித் தங்குகிற முகாம் இடம் வெறிச்சோடிக் கிடந்தது. அலுவலகம் பூட்டு. உறைந்துவிடும் என்று தண்ணீர்க் குழாயைக்கூட மூடிவிட்டார்கள். உதயகுமாரி ஓரமாக நிறுத்தினார். காரிலிருந்து கரவனை இன்னும் கழற்றவில்லை. அப்போதுதான் கேட்டது.

கிறீச்...

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்பவும்... கிறீச்...

கீழே ஏரிக்கரையில் இன்னொரு கரவன் நின்றது. பாசி பிடித்த பழைய கரவன். சில்லுகள் சேற்றில் இறங்கியிருந்தன. வயதுபோன ஒரு நோர்வேக்காரக் கிழவரும் கிழவியும் மழை உடுப்போடு பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ பாவம், குமாரி. வயசுபோனதுகள்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ. அதுகளின்ரை கார் எங்கை?"

"என்ன கார்?"

"கரவனை இழுத்துக்கொண்டு வந்த கார். அது இல்லாமல் என்னெண்டு வந்தவை? பறந்தே வந்தவை?"

"உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம். கார் பழுதாப் போயிருக்கும், கராஜிலை விட்டிருப்பினம்."

காரணம் சொல்வதில் பஸ்காரரை வெல்ல ஏலுமா? அதுவும், எங்கேயாவது வாகனம் தள்ளுவதைக் கண்டால் இராசையாவுக்குக் கை சும்மா இராது. கதவைத் திறந்து இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். "விசர் மனிசன், சொல்வழி கேளாது" என்று திட்டிக்கொண்டே உதயகுமாரியும் பின்னால் ஓடினார்.

கிட்டப் போகப் போக ஒரு மணம்... கனகாலம் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, ஈரம் ஊறிய பழந்துணி மணம். அதுதான். உதயகுமாரி மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சோடியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தன் சப்பாத்தெல்லாம் சேறு. இராசையாவின் காற்சட்டை முழங்கால்வரை சேறு. அவ்வளவு நேரம் அந்தச் சேற்றுக்குள் நின்று தள்ளிய கிழவியின் சப்பாத்து மட்டும் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தது போலத் துப்புரவாக இருந்தது.

இராசையா நோர்வேஜிய மொழியில் கேட்டார், காரைக் கொண்டுவந்து கொழுவி இழுத்துவிடட்டுமா என்று. கிழவர் தலையை ஆட்டினார். கார் வேண்டாமாம். ஆள்தான் வேண்டுமாம்.

கிழவி உதயகுமாரியின் பக்கம் திரும்பினாள்.

"உன் கணவர் எவ்வளவு நிறை இருப்பார்?"

இது என்ன கேள்வி? உதயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வருத்தக்காரர், நெஞ்சு ஒப்பரேசன் செய்தவர், அவரால் ஒன்றும் தள்ள முடியாது என்று சத்தம் போட்டே சொன்னார்.

"பரவாயில்லை. எங்களுக்கு அது போதும்" என்றாள் கிழவி.

உதயகுமாரி கணவரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சேருங்கோ, எனக்கு இதுகளைப் பிடிக்கேல்லை. வாங்கோ, போவம்."

"ஒருக்காத் தள்ளிவிட்டிட்டு வாறன். என்ன குறைஞ்சுபோகும்?"

"நீங்கள் தொட்டால் நான் இந்த ஏரிக்குள்ளை குதிப்பன். கொஞ்சம் பொறுங்கோ."

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நாங்கள் புது வாகனம் எடுத்தால் என்ன செய்வோம்? சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றி எடுப்போம். புருசெத்தில் கார் நிறுத்துமிடத்தில் அக்கம்பக்கத்துச் சனம் வேடிக்கை பார்க்கும் என்று வெட்கப்பட்டு, காட்டுக்குப் போய்ச் செய்வோம் என்று இரண்டு தேசிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இதுகளின் தடை விலகினால் இதுகள் போய்த் தொலையும், என் மனிதர் தள்ளத் தேவையில்லை... அவருடைய கணக்கு அவ்வளவுதான். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

தங்கள் கரவனுக்கென்று கொண்டுவந்த காவலைத் தூக்கி முன்பின் தெரியாத சில்லுக்கு வைத்தால்... சரி, சரி. அப்போது அவருக்கு அது ஓடவில்லை. சேற்றுக்குள் குந்தியிருந்து, இரண்டு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். "பிள்ளையாரே, இதுகளைக் கெதியா அனுப்பிவிடு" என்று கும்பிட்டார். நிமிர்ந்தார்.

இராசையா தோளைக் கொடுத்துவிட்டார்.

அவர் மட்டும்தான் தள்ளினார். கிழவரும் கிழவியும் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒதுங்கி, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உதயகுமாரி "ஐயோ!" என்று கத்துவதற்குள் கரவன் அசைந்துவிட்டது. அசைந்தது, உருண்டது... மேட்டில் ஏறியது. முன்னால் இழுப்பார் இல்லை, பின்னால் தள்ளுவார் இல்லை. அந்த இரண்டு பேரும் அதற்குப் பின்னால் மெதுவாக நடந்துபோனார்கள்.

கதவைப் பிடித்துவிட்டாலே ஆயிரம் நன்றி சொல்லுகிற சனம் இந்த நோர்வேக்காரர். இதுகள் ஒரு சொல்லுச் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மரங்களுக்கு அப்பால் கிரவல் வீதியில் சில்லுகள் ஏறும் சத்தம் கேட்டது. நற... நற... நற... பாரம் ஏற்றிய லொறி போகிற சத்தம்.

"பாத்தீரே? பஞ்சு மாதிரிப் போயிட்டுது. இதுக்குப் போய்க் கத்திறீர்" என்று சிரித்தார் இராசையா. மூச்சு வாங்கவில்லை. முகத்தில் வியர்வையும் இல்லை. கைகளைத் தட்டிக்கொண்டு தங்கள் காரை நோக்கி நடந்தார்.

உதயகுமாரிக்கு மனம் ஆறவில்லை. ஃபோன் வெளிச்சத்தை நிலத்தில் அடித்துப் பார்த்தார்.

இரண்டு தேசிக்காயும் வைத்த இடத்திலேயே இருந்தன. உருண்டையாக. ஒரு கீறல் இல்லை, ஒரு பக்கம்கூடச் சப்பவில்லை. ஒரு கரவன் அவற்றின் மேல் ஏறிப் போயிருக்கிறது... சேற்றில் சில்லுத் தடம் என்று ஒன்றும் இல்லை. அவர் வெளிச்சத்தை மெல்ல மேலே கொண்டுபோனார். இராசையா தள்ளி முடித்துக் கையை எடுத்த இடம் வந்தது. அந்த இடத்திலிருந்துதான் தடம் தொடங்கியது. நல்ல ஆழமான தடம். அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அவர் தேசிக்காயைத் தொடவில்லை. விழுந்தடித்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

"ஏறுங்கோ. வீட்டை போவம்."

"இப்பதானே வந்தனாங்கள்?"

"ஏறுங்கோ எண்டு சொல்லுறன்!"

இராசையா ஏறினார். நல்ல காலம், கரவனை இன்னும் கழற்றியிருக்கவில்லை. உதயகுமாரி காரை வீதியில் ஏற்றினார். முன்னால் போனவர்களைக் காணவில்லை. வீதியில் ஒரு விளக்கும் இல்லை.

"நெஞ்சு நோகுதே?"

"இல்லையப்பா. கன நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒண்டும் நோகேல்லை."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கில்லை, நேராக ஆஸ்பத்திரிக்கு விடுவது என்று மனதுக்குள் தீர்மானித்தார். இராசையா வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வந்தார். கரவனுக்குப் புது யன்னல் சீலை போடவேண்டும் என்றார். நாளைக்கு இடியப்பம் அவிப்போம் என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. உதயகுமாரிக்கு மெல்ல மெல்லப் பயம் தெளிந்தது. நான்தான் வீணாக மனத்தைப் போட்டுக் குழப்புகிறேன் என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

ஒஸ்லோவின் எல்லையில், குரோருட் பக்கத்து மாடிவீடுகளின் வெளிச்சம் தெரியத் தொடங்கியது. அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார்.

"பெல்ட் போடேல்லையே?"

"அட, மறந்துபோனன்" என்று இராசையா சிரித்தார். "காட்டிலை ஏறேக்கையே போடேல்லை."

உதயகுமாரியின் கார், பெல்ட் விஷயத்தில் பொல்லாதது. கடைக்குப் போய்வரும்போது அந்த ஆசனத்தில் ஓர் அரிசிப் பையின் பாரம் பட்டாலே, பெல்ட் போடச் சொல்லிக் கிணுகிணுவென்று கத்தத் தொடங்கிவிடும். போடும்வரை ஓயாது.

காட்டிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறார்கள்... கார் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.