வால்வில் ஒரு கால் சுற்று

டீயில் பால் கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, சார்ஜென்ட், குடித்துக்கொள்கிறேன். பிறர் போட்டுக் கொடுக்கும் டீயைக் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை. என் மனைவி ஐரிஸ் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து என் டீயை நானேதான் போட்டுக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் அறிக்கையில் ஒரு திருத்தம். ‘பழுதான பாய்லர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாய்லரில் ஒரு பழுதும் இல்லை. பர்ன்லியில் நாற்பத்தொரு வருடம் கேஸ் பாய்லர் வேலை பார்த்தவன் நான். என் மகள் ஹெதர் வீட்டுப் பாய்லரை மாட்டியதும் நான்தான். சமையலறைச் சுவரில் பாய்லர், அதிலிருந்து கூரைக்குப் போகும் பிளாஸ்டிக் புகைக்குழாய், மாடியில் பின்பக்கச் சின்ன அறையின் மூலையில் அந்தக் குழாயை மறைக்க நான் அடித்த பலகைப் பெட்டி, எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் காரணம் இல்லாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிகிறது. மகள் வீடானாலும் அப்படித்தான். ‘சும்மா வந்தேன்’ என்று போய் நின்றால், என்னவோ ஏதோ என்று பதறிவிடுவார்கள். ஹெதர் வீடு என் வேனில் பன்னிரண்டு நிமிடம். ஐரிஸுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும். கேக் சுட்டேன், பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னினேன் என்று கிளம்பிவிடுவாள். எனக்குக் கேக் சுடத் தெரியாது. போன இலையுதிர் காலத்தில் பதினொரு வாரம் என் போன் அடிக்கவில்லை. அடித்ததெல்லாம் ஜன்னல் விற்கிறவர்கள். அவர்களில் ஒருவனிடம் அரை மணி நேரம் ஜன்னலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனே போனை வைத்துவிட்டான்.

ஜனவரி முதல் வாரத்தில் ஹெதர் கூப்பிட்டாள்.

“அப்பா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. பாய்லர் நின்னு நின்னு போகுது. வேற வேலை இருந்தா பரவால்லப்பா.”

வேறு வேலை இல்லை.

பாய்லரின் சின்னத் திரையில் வந்த எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, புகைக்குழாய் சூடேறுகிறது. அந்தக் குழாயின் அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். சூடு அளவைத் தாண்டினால் அது பாய்லரை நிறுத்திவிடும். பலர் உடனே அந்தப் பொத்தானைக் குறை சொல்வார்கள். அது பாவம், சேதி சொல்கிற ஆள். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் சூடு போக இடமில்லாமல் புகையோடு மேலே ஏறும், அவ்வளவுதான். வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே கருப்பாகச் சேறு. கழுவி மாட்டினேன், பாய்லர் சரியாகிவிட்டது.

நாலு மணி நேர வேலை. ஹெதர் மாவுக்குள் கறி வைத்துப் பை சுட்டு, பட்டாணியும் குழம்பும் ஊற்றிக் கொடுத்தாள். பேத்தி மெய்ஸி என் மடியில் உட்கார்ந்து என் பட்டாணியைத் தின்றாள். “நீங்க இல்லேன்னா என்னப்பா பண்ணியிருப்போம்?” என்றாள் ஹெதர். அந்த வாக்கியத்தை வேனில் பன்னிரண்டு நிமிடமும் சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால், கருவிகளைப் பெட்டியில் வைக்கும்போது, பாய்லருக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வால்வை ஒரு கால் சுற்று மூடியிருந்தேன்.

அதனால் யாருக்கும் ஆபத்து இல்லை. பொத்தான்தான் இருக்கிறதே. சூடேறும், நிற்கும், அவள் கூப்பிடுவாள். ஆறாம் நாள் கூப்பிட்டாள். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொன்னாள். போனேன், வால்வைத் திறந்தேன், ஒரு மணி நேரம் எதையாவது துடைத்துக்கொண்டிருந்தேன், டீ குடித்தேன், கிளம்பும்போது கால் சுற்று மூடினேன். இப்படி ஏழு தடவை. அந்த ஏழு நாளும் நான் மனிதனாக இருந்தேன். மற்ற நாட்களில் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். குளிக்கும்போதுகூட அதைத் துண்டின் மேல் வைத்திருப்பேன்.

என் மருமகன் கேவினைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பையன். பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழுக்கு வந்து மூன்று மணி வரை தூங்குவான். தெருச் சத்தம் கேட்காமல் இருக்க, பின்பக்கச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான். அதனால் அந்த வீட்டில் எல்லோரும் மூன்று மணி வரை மெதுவாகத்தான் பேசுவோம். நான் ஸ்பேனரைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்பேன்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, தூக்கம் கலைந்து கீழே வந்தான்.

“என்ன ரெஜ், மறுபடியுமா? உங்க பொண்ணைக் கட்டிக்கிட்ட என்னைவிட இந்தப் பாய்லர்கிட்டதான் உங்களுக்குப் பாசம் அதிகம். பேசாம பாய்லருக்குக் கீழ ஒரு கட்டில் போட்டுடறோம், இங்கயே இருந்துடுங்க.”

ஹெதர் சிரித்தாள். நானும் சிரித்தேன். கட்டில் போடுகிறேன் என்று அவன் நிஜமாகச் சொல்லியிருந்தால் நான் அன்றே வந்திருப்பேன்.

அன்றைக்கு டீ குடிக்கும்போது ஒரு தொழில் கதை சொன்னேன். நெல்சன் ஊரில் ஒரு அரைகுறை ஆள், பொத்தானில் வந்து சேரும் இரண்டு ஒயரையும் பிடுங்கி ஒன்றாக முறுக்கிவிட்டான். அதை நாங்கள் பாலம் போடுவது என்போம். அதற்கப்புறம் அந்தப் பாய்லர் ஒருநாளும் நிற்கவில்லை என்று சொன்னேன். அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதற்குள் மெய்ஸி பள்ளிக்கூடப் படம் ஒன்றைக் காட்ட வந்துவிட்டாள். கேவின் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மீதிக் கதையை நான் பிறகு எடுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒன்பது நாள் போன் வரவில்லை. வெளியே நல்ல உறைபனி, பாய்லர் முழு மூச்சாக எரிகிற காலம். நின்றிருக்க வேண்டும். பத்தாம் நாள் காலை பத்தரைக்குக் காரணத்தோடு போனேன். என் ஸ்க்ரூடிரைவரைப் போன தடவை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான்.

“அட, எதுக்குப்பா இந்தக் குளிர்ல? சொல்லியிருந்தா மெய்ஸியை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரப்போ நானே கொண்டாந்திருப்பேனே,” என்றாள் ஹெதர், கோட்டு மாட்டிக்கொண்டே. அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “பாய்லர் இப்ப ஜோரா ஓடுது. கேவின் என்னவோ பண்ணினாரு, அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரங்க வந்து புதுசு மாட்டறாங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காதுப்பா.”

அந்த வார்த்தையை அவள் அன்பாகத்தான் சொன்னாள். கழிப்பறைக்குப் போய்விட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாய்லர் மூடியைத் திறந்தேன். இரண்டு ஒயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு, கருப்பு டேப் சுற்றியிருந்தது. முதல் வேலைக்குச் சுத்தமாகவே செய்திருந்தான். புகைக்குழாயில் கை வைக்க முடியவில்லை. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் மூட்டு இளகும், தொங்கும், விலகும், புகையிலுள்ள விஷவாயு வெளியே கசியும். மூட்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். மாடியில், கேவின் தூங்கும் அறையின் பலகைப் பெட்டிக்குள்.

நான் ஒயரைப் பிரித்திருக்கலாம். அரை நிமிட வேலை. பிரித்தால், ஏன் சூடேறுகிறது என்ற கேள்வி வரும். வெள்ளிக்கிழமை வருகிறவன் வால்வைப் பார்ப்பான், பார்த்து ஹெதரிடம் சொல்வான். என் மகள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். அதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை, சார்ஜென்ட். வால்வையும் திறந்து வைத்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் அப்புறம் போனே வராது. மூடியை மறுபடி மாட்டினேன்.

பிறகு வால்வை இன்னொரு கால் சுற்று மூடினேன். இப்போதாவது நிற்கும், அவள் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

நிறுத்துகிற பொத்தானுக்குத்தான் பாலம் போட்டாகிவிட்டதே என்கிறீர்கள். ஆமாம். அப்புறம் எது நிற்கும் என்று நினைத்தீர்கள் என்கிறீர்கள். அதைத்தான் நானும் இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாடியில் கேவினின் குறட்டை கேட்டது. ஸ்க்ரூடிரைவரைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்தேன். வேனின் டாஷ்போர்டுப் பெட்டியில் நீங்கள் எடுத்த விஷவாயு அலாரம் அந்தச் சின்ன அறைக்கென்று ஜனவரியிலேயே வாங்கியது. மாட்டியிருந்தால் அங்கே போக ஒரு காரணம் தீர்ந்துபோயிருக்கும். இன்னொரு நாளைக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து போனை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். டீ போடவில்லை. அடி, அடி என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். எழுந்து அந்த வீட்டு எண்ணை நானே அழுத்தி, கேவினை எழுப்பியிருக்கலாம். ஒருமுறை போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். என்ன காரணம் சொல்வது என்று தோன்றவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

இரண்டே முக்காலுக்கு அடித்தது. அவள் வேலையிலிருந்து திரும்பி, அவனை எழுப்ப மாடிக்குப் போயிருக்கிறாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது இரண்டு ஐம்பதுக்கு. உங்கள் தாளிலேயே இருக்கிறது, பாருங்கள். முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

“அப்பா, வாங்க. வாங்கப்பா,” என்றாள். அவ்வளவுதான்.

கேவினைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் என் மகள், தொந்தரவு என்ற வார்த்தையே இல்லாமல் என்னைக் கூப்பிட்டாள்.