அண்ணியின் பதினான்கு தாள்கள்

"ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க அண்ணி," என்றேன் நான்.

"இப்போதைக்கு ஒண்ணும் வேணாம் பாப்பா," என்றார் அண்ணி.

அண்ணன் கல்யாணமாகி அவரை வீட்டுக்கு அழைத்துவந்த மறுநாள் காலை, குளியலறை வாசலில் நடந்த பேச்சு இது. அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அதற்காகத்தான் அங்கே நின்றேன். அவர் சட்டைக் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி என்னைக் கடந்து போனார்.

மேடம், ஏன் செய்தாய் என்று நீங்கள் நேரடியாகக் கேட்டுவிட்டீர்கள். துறைத் தலைவர் அப்படித்தான் கேட்க வேண்டும். நானும் சுற்றி வளைக்க நினைக்கவில்லை. ஆனால் அந்தத் துண்டிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான். அப்பா போனபிறகு எனக்கு எல்லாமே அண்ணன்தான். பென்சில் சீவித் தந்ததிலிருந்து இந்தக் கல்லூரியில் சேர்த்துவிட்டது வரை நான் கேட்பேன், அவன் செய்வான். அம்மா என்னிடம் கண்ணாடியைத் தேடித் தரச் சொல்வாள், நான் தேடித் தருவேன். அன்பு என்றால் எங்கள் வீட்டில் இப்படித்தான் புழங்கும். எதுவுமே கேட்காத ஒருவரிடம் அன்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் வரைகலை வடிவமைப்பு படித்துவிட்டு நிறுத்தியவர் அண்ணி. படிக்கட்டுமா என்று அவர் அண்ணனிடம்கூடக் கேட்கவில்லை. அவருடைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அண்ணனாகவே ஓடிப்போய் விண்ணப்பம் வாங்கிவந்து, நேராக இரண்டாம் வருடத்தில், என் வகுப்பிலேயே சேர்த்துவிட்டான்.

முதல் வருடம் முழுக்க வகுப்பில் எனக்கு 'கீபோர்டு' என்று பெயர். எந்த மென்பொருளில் எந்தச் சாவியை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் மேசையைச் சுற்றி எப்போதும் நான்கு பேர் நிற்பார்கள். அண்ணி வந்த இரண்டாவது வாரம், நான் கூப்பிடுவதைக் கேட்டு வகுப்பு முழுவதும் அவரை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தது. எழுத்துரு வகுப்பு சார்கூட வருகைப்பதிவு எடுக்கும்போது வாய் தவறி "அண்ணி வந்தாச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் பெயர் 'நாத்தனார்' ஆகிவிட்டது.

"நாத்தனாரே, அண்ணி எங்க?" என்பார்கள். அதைத் தவிர என்னிடம் வேறு எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணிக்குக் கணினி வராது, பென்சில்தான் வரும். இடது கைக்காரர். வரையும் டேப்லெட்டைக் கையில் கொடுத்தால் தட்டித் தடுமாறித் தானாகவே கற்றுக்கொள்வார், என் பக்கம் திரும்ப மாட்டார். பொறுக்காமல் நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு மின்னஞ்சல் உருவாக்கிக் கொடுத்தது நான். கடவுச்சொல் வைத்ததும் நான். திரையில் வரையும்போது கோடு ஒரு லேயரில், நிறம் ஒரு லேயரில் என்று அடுக்கடுக்காக வைப்போம் அல்லவா, அப்படியே விட்டுவைத்தால் ஒரு படம் எப்படி வளர்ந்தது என்பதை யாரும் பிரித்துப் பார்த்துவிடலாம். "முடிச்சதும் எல்லா லேயரையும் ஒண்ணாச் சேத்துட்டு சேமிங்க அண்ணி, இல்லன்னா கம்ப்யூட்டர் திணறும்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

கணினி திணறாது. எந்தத் திட்டமும் அப்போது எனக்கு இல்லை. என்றைக்காவது ஒருநாள் பிரிக்க முடியாமல் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பார் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவர் மாட்டிக்கொண்டபோதெல்லாம் முதலிலிருந்து வரைந்தார்.

இறுதியாண்டு வேலையாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு படப்புத்தகம். பேருந்தில் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்கிவிடும் ஒரு சிறுமியின் கதை. இருபத்துநான்கு பக்கம். பாதியில் நடந்த மதிப்பீட்டுக்கு ஒரு குழந்தைப் புத்தகப் பதிப்பாளர் வந்திருந்தார், உங்களுக்கு நினைவிருக்கும். எட்டுப் பக்கத்தைத்தான் பார்த்தார். "தேர்ச்சி பெற்ற சான்றிதழோடு வாங்க, வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வேறு ஊர். அண்ணன் அன்று சாயங்காலமே தன் அலுவலகத்தில் மாற்றல் கேட்டுவிட்டு வந்தான். அம்மா அழுதுகொண்டே சந்தோஷப்பட்டாள். எந்தப் பெட்டி, எந்த வீடு என்றெல்லாம் பேச்சு ஓடியது.

போகட்டுமா என்று அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போய்ட்டு வாங்க என்றுதான் சொல்லியிருப்பேன். இதை நீங்கள் எழுதிக்கொள்வது நல்லது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஏஐ செயலியில் படம் செய்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் தேர்வு ரத்து, பெயர் நீக்கம் என்பது நம் துறையின் விதி. அதோடு, கூடப் படிக்கும் ஒருவர் வாராவாரம் 'என் கண்முன் வரைந்ததைப் பார்த்தேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே வீடு என்பதால் அண்ணிக்குச் சாட்சி நான். பதினான்கு வாரம், பதினான்கு தாள். ஒன்றில்கூட நான் பொய்யாகக் கையெழுத்துப் போடவில்லை. மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று என்னிடமே வைத்திருந்தேன்.

அண்ணியின் பழைய நோட்டுகள் ஒன்பது. "நகல் எடுத்து வச்சா பத்திரமா இருக்கும்" என்று சொல்லி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மத்தியானத்தில் முழுவதையும் ஸ்கேன் செய்தேன். அண்ணியின் மின்னஞ்சலையும் அதே கடவுச்சொல்லையும் வைத்து ஒரு செயலியில் கணக்குத் திறந்து, அத்தனையையும் அதற்குக் கற்றுக்கொடுத்தேன்.

முதல் படம் வந்தபோது நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டேன். ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் சிறுமி. அதே மூக்கு, அதே கலைந்த தலை. அண்ணி வரைந்தது என்று அண்ணனே சத்தியம் செய்வான். ஆனால் இந்த அண்ணி நான் சொன்னதைக் கேட்டார். கொஞ்சம் இருட்டாக்கு என்றால் இருட்டாக்கினார். கண்ணை மூடு என்றால் மூடினார். இன்னொன்று வேண்டுமா, இதை மாற்றட்டுமா என்று ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டார். அந்த அண்ணியிடம் நான் மிகவும் பிரியமாக இருந்தேன்.

தேதிகளைப் பற்றி விசாரணைக் குழுவில் நிறைய விவாதித்தீர்கள். தேதிகளில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. சாயங்காலம் அண்ணி ஒரு துண்டுத்தாளில் பக்கத்தைத் திட்டமிடுவார். நான் எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். அவர் அதை டேப்லெட்டில் வரைந்து முடிக்க இரண்டு நாளாகும், துண்டுத்தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். நான் அன்றைக்கே செயலியில் சொல்லி அதே பக்கத்தை வாங்கிவிடுவேன். ஆக, அந்த மதிப்பீட்டுக்குப் பிந்தைய எல்லாப் பக்கமும் செயலியில்தான் முதலில் பிறந்தது. அப்புறம் உங்களுக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. அது நான்கே வரி. அதிலும் பொய் இல்லை. இந்த மாணவியின் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது, திறக்கச் சொல்லிப் பாருங்கள் என்று மட்டும் எழுதியிருந்தேன்.

அண்ணி தன் கடவுச்சொல்லைப் போட்டார். கணக்கு திறந்தது. தன் கோடுகளையெல்லாம் செயலிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வேலையை அதன் தலையில் கட்டிவிட்டார் என்று நீங்கள் எல்லோரும் முடிவுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர் அங்கேயே ஒரு தாளை எடுத்து அந்தச் சிறுமியை வரைந்து காட்டினார். "உங்களுக்கு வரையத் தெரியுமாங்கிறது இல்ல கேள்வி. இதை வரைஞ்சது யாருங்கிறதுதான்" என்றீர்கள். நியாயமான பேச்சு. லேயர்களைப் பிரித்துக் காட்டச் சொன்னீர்கள். எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து கிடந்தது. கடைசியாக வாராந்திரத் தாள் எங்கே என்று கேட்டீர்கள். சாட்சியாக வந்திருந்த என்னை அண்ணி பார்த்தார்.

"வீட்டுல தேடிப் பாக்கறேன் மேடம்," என்றேன். பத்து நாள் கொடுத்தீர்கள்.

அந்தப் பத்து நாளும் தாள்கள் என் கல்லூரிப் பையில்தான் இருந்தன. தினமும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் அண்ணியோடு நடந்து வந்தேன். பாப்பா, தாள் கிடைச்சுதா என்று அவர் கேட்டிருந்தால் அந்த நடைபாதையிலேயே எடுத்துக் கொடுத்திருப்பேன். அண்ணன் கேட்டான். அம்மா கேட்டாள், அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுக்கூடத் தேடினாள், பாவம். நானும் கூட நின்று தேடினேன். ஆனால் தேவை அவர்களுக்கு இல்லையே. ஒரு சாயங்காலம் கதவுக்குப் பின்னால் அண்ணி அண்ணனிடம், "அவளத் துளைச்சு எடுக்காதீங்க. அவளுக்கே தெரியும்" என்று சொல்வது கேட்டது. அப்போதும் எவ்வளவு வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாவது நாள் முடிந்தது. அறிவிப்புப் பலகையில் அண்ணியின் பெயரைக் கோடு போட்டு அடித்தீர்கள். மூன்று வாரத்தில் பதிப்பாளர் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார். 'நாத்தனாரே' என்று கூப்பிடுவதை வகுப்பில் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அண்ணன் மாற்றலை ரத்து செய்துவிட்டு வந்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி அண்ணியிடம், "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு. நீ செய்யலதானே?" என்று கேட்டுவிட்டான். அண்ணி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. எனக்கு அண்ணன் மேல்தான் வருத்தம். கட்டிய மனைவியை நம்ப வேண்டாமா.

அதன்பின் அண்ணி பென்சிலைத் தொடவில்லை. துணி மடிப்பார், அம்மாவோடு கடைக்குப் போவார், ஜன்னலைத் துடைப்பார். துடைத்த ஜன்னலையே மறுபடி துடைப்பார். அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று போன வாரம், செயலியில் வந்த படங்களிலேயே நல்லதாக ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினேன்.

நேற்று மத்தியானம் அம்மா வெளியே போயிருந்தாள். அண்ணி கூடத்தில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் சோபாவில் இருந்தேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்தபடியே பேசினார், குரலை உயர்த்தவில்லை.

"ஓரத்துல சாம்பலா இழுபட்டிருக்கு பாத்தியா? இடது கையால வரையறப்ப என் உள்ளங்கை பென்சில் மேல உரசிக்கிட்டே போகும். அந்தக் கறை. டேப்லெட்டுல எப்படிப் பாப்பா கறை படியும்? அது என் நோட்டுல மட்டும்தான் இருக்கு. நோட்ட எடுத்துட்டுப் போனது நீ."

செயலி கறையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. நான் பெரும்பாலானவற்றை அழித்திருந்தேன். சிலவற்றை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே என்றார். நீங்கள் மேசைமேல் படங்களைப் பரப்பிவைத்தபோதே தெரிந்துவிட்டதாம். பிறகு ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க அண்ணன் உடைஞ்சு போயிடுவாரு. நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். தினமும் உன்கூட நடந்து வந்தது அதுக்குத்தான். இன்னிக்கு சொல்லுவா, இன்னிக்கு சொல்லுவான்னு."

நாற்பத்தொரு நாள். நான் அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன், அவர் நான் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படி வீணாக்கிவிட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

தாள்களை மேசைமேல் வைத்துவிட்டேன் மேடம். பதினான்கும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது. நான் தொடக்கத்திலிருந்தே கொடுக்கத் தயாராக இருந்தவள். நேற்று சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே அவர் சொன்னார்:

"நீ செஞ்சத அங்க போய்ச் சொல்லிடு பாப்பா."

நன்றாகவே கேட்டது. இருந்தாலும் இரண்டரை வருடம் காத்திருந்தவள் நான். "என்ன அண்ணி, சரியாக் காதுல விழல," என்றேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஸ்விட்சை அணைத்தார். வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தார். நான் காலை நகர்த்திக்கொள்ளவில்லை. அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

"உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்," என்றார் அண்ணி. "அந்தப் புத்தகத்த வரைஞ்சது நான்தான்னு சொல்லு."