முதுகு மட்டும் உள்ள படம்

ஐம்பதுகளில் ஒரு நாள், ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் தொப்பி வைத்த ஒரு பெரியவர், பக்கத்தில் டிராயிங் மாஸ்டரான அவர் மகன். இருவர் மடியிலும் சட்டம் போட்ட ஒரு பெரிய படம்.

"எங்க அத்தாவ வரைஞ்சு தாரேன்னுட்டு முதுக வரைஞ்சிருக்கியேடா?"

"மொகம் வரையக் கூடாதுன்னு நீங்கதான அத்தா சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக, வீட்டுக்கு வாரவுககிட்ட இதுதான் எங்க அத்தா பொடனின்னு காட்டவா?"

"மேக்குச் செவுத்துல மாட்டுவோம். மக்காவப் பாத்துத் தொழுவுறாப்புல இருப்பாரு."

"பின்னாடி நின்னு நாம தொழுவணும். மவுத்தாப் போனவர இமாம் ஆக்கப் பாக்குறியா?"

"அப்ப கெழக்குச் செவுத்துல?"

"மக்காவுக்கு முதுகக் காட்டிக்கிட்டா? அஞ்சு வேளையும் தவறாத மனுசன்டா!"

"மோட்டுல மாட்டுனா?"

பெரியவர் பஸ்ஸின் கூரையை அண்ணாந்து பார்த்தார். நிஜமாகவே யோசித்தார்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறும் அட்டை.

"மொகம் இங்கிட்டும் இல்லீங்களே?"

"திருப்பிப் பாத்தா மொகம் இருக்குமாய்யா? கூறுகெட்ட மனுசனா இருக்கீரே!"

கண்டக்டர் நகர்ந்ததும் மகன் சமாதானமாகச் சொன்னார்: "ஒங்களுக்குத்தான் அவரு மொகம் ஞாபகம் இருக்குல்ல அத்தா?"

பெரியவர் படத்தின் சட்டத்தைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

புதுக்கோட்டையில், மேலே போட்ட மூட்டையை இறக்க மகன் முதலில் இறங்கினார். பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, படத்தை மெல்லத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.