வெள்ளம் கணித்த அக்காவுக்குப் பக்கத்து மேசையிலிருந்து

கார்முகில் திரளும்போதே கால்வாயின் கதியைக் கணித்த கணக்கரசியே! வானம் பொழிவதில் மண் குடிப்பது எவ்வளவு, மடை தேடி ஓடுவது எவ்வளவு என்று மனக்கண்ணால் அளந்த மதிநுட்பமே! மழைநீர் வடிகால் பிரிவின் மதிப்புக்குரிய மூத்த பொறியாளரே! எங்கள் அன்பு அக்கா! வணக்கம்.

தங்கள் பணி ஓய்வுக்கான இவ்வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பை அலுவலகத்தார் என் தலையில் கட்டினார்கள். "பக்கத்து சீட்டு நீங்கதானே சார், உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்" என்றார்கள். தெரியும். நன்றாகவே தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது! ஒரே நாளில் பணியில் சேர்ந்தோம். ஒரே சூத்திரத்தைத்தான் இருவரும் கையாண்டோம். மழையின் வேகத்தை நிலப்பரப்பால் பெருக்கி, அதில் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவரும் பங்கைக் கண்டால், வெள்ளத்தின் உச்சம் கிடைத்துவிடும். ஆனால் தொலைபேசி அடித்தால் மறுமுனையில் கேட்பது, "அக்கா இருக்காங்களா?" என்றுதான். நான் இருக்கிறேனா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சந்தைப் பகுதி வடிகாலை மறப்பேனா! அதே சூத்திரத்தைப் போட்டு நான் ஓர் அளவு சொன்னேன். தாங்கள் அதைவிடப் பெரிய அளவு சொன்னீர்கள். மேலதிகாரி தங்கள் தாளைத்தான் எடுத்தார். கட்டி முடித்தபின் வந்த முதல் பெருமழையில் குடையோடு போய் நின்றேன். பாதிகூட நிறையக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன், அக்கா! தண்ணீரோ விளிம்புக்கு ஒரு சாண் கீழே, தாங்கள் குறித்த இடத்துக்கே வந்து, மரியாதையாக நின்றது. என் அளவில் கட்டியிருந்தால் கடைகளுக்குள் புகுந்திருக்கும். ஊரே நனைந்தது, நான் மட்டும் பற்றி எரிந்தேன்.

மறுநாள், எப்படி என்று கேட்டேன். கூட்டத்தில் சொல்லாததைத் தனியே சொன்னீர்கள்: "உங்க வீட்டு முன்னாடி இப்ப என்னப்பா இருக்கு?"

சிமெண்ட். கார் நிறுத்துவதற்காக நானும் என் மனைவியும் போட்ட சிமெண்ட். எங்கள் தெருத் தண்ணீரும் அந்தச் சந்தை வடிகாலுக்குத்தான் போகிறது. என் வரைபடத்தில் மட்டும் அங்கே இன்னும் தோட்டம் இருந்தது! உடம்பு சரியில்லாத என் அம்மாவைப் பார்க்க ஒருமுறை வந்த தாங்கள், அந்த வாசலைப் பார்த்துவிட்டுத் தெருத்தெருவாய் நடந்து, சிமெண்ட் பூசிய வாசல்களையெல்லாம் கணக்கில் ஏற்றியிருக்கிறீர்கள். நான் தினமும் மிதிக்கும் தரை அது! கூட்டத்தில் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாகத் தங்களை வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை நீங்கள்.

நாளை முதல் வெள்ளம் கணிக்கும் பொறுப்பு என்னுடையது. இன்று காலையிலேயே வானம் இருட்டியது. "சுரங்கப்பாதை வழியா போகலாமா? அக்காவைக் கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"அவங்க இன்னைக்கு ரிட்டயர் ஆறாங்க. நான் சொல்றேன், தண்ணி நிக்காது, போ" என்றேன்.

தலையாட்டினாள். காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி மேட்டுச் சாலையில் போய்விட்டாள். மழை கொட்டியது, சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கவில்லை. அதைப் பார்க்கத்தான் அங்கே என்னைத் தவிர ஒருவரும் இல்லை!

நெடிது வாழ்க! நோய்நொடியின்றி வாழ்க! மழை நாளில் சன்னலோரம் அமர்ந்து, எந்தக் கணக்கும் போடாமல், மழையை மழையாகவே கண்டு மகிழ்க! ஒரே ஒரு வேண்டுகோள், அக்கா. அடுத்த முறை வானம் இருண்டதும் தங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். முதலில் கூப்பிடுவது என் மனைவியாகத்தான் இருக்கும். தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள்: "உங்க வீட்டுக்காரரைக் கேளும்மா."

அன்பில் நனைந்து,
மழைநீர் வடிகால் பிரிவினர் அனைவரும்;
அவர்கள் சார்பில், பொறாமை குறையாமல் எழுதிய பக்கத்து மேசைக்காரன்