எலிக்கு மட்டும் வந்த மருந்து

எலிக்கு மருந்து குடுக்காங்க வே, எனக்குத் தரமாட்டேங்காங்க! இரும், தும்மல் வருது... ஹச்சூ! சங்கரன்கோயில் ஸ்டாண்டுல பஸ் ஏறுனதுலேருந்து இதான். ஜன்னல மூடாதீரும், மூச்சு முட்டும்.

எங்க அக்கா மக மீனலோசினி மதுரையில ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கா. ஸ்டெம் செல்லுன்னு ஒண்ணு இருக்காம். அது கண்ணுக்குத் தெரியாத பொட்டணமா எதையோ வெளிய விடுமாம், எக்சோசோம்னு பேரு. அத மூக்கு வழியா ஏத்துனா, எலிக்கு நெஞ்சுக்குள்ள இருந்த வீக்கம் வத்திட்டாம், எளைப்பும் கொறஞ்சிட்டாம். எலிக்கு எதுக்கு வே அம்புட்டு மூச்சு? அது என்ன தேரா இழுக்கப் போவுது? ஆடித்தபசுத் தேருக்கு ஒரு வீதி நடக்க முடியாம உக்காந்தவன் நானு!

'மாமா, மனுசருக்கு இன்னும் சோதிச்சு முடியல'ங்கா. முடியலன்னா என்னய வச்சு முடி! கூண்டுக்குள்ள இருக்கணும்னாலும் இருக்கேன். அதான், நேர்லயே கேட்டுருவோம்னு கெளம்பிட்டேன்.

எங்க ஊர்ல ஒரு டாக்டரு இருக்கான். கையில பன்னெண்டு எடத்துல குத்திப் பாத்துட்டு, 'மெத்தையில இருக்க தூசிப்பூச்சிதான் உங்களுக்கு ஆகல. வெயில்ல போடுங்க, இல்ல தூக்கி எறிங்க'ங்கான். எறியவா? எங்கம்மா மெத்த வே அது! அசல் இலவம்பஞ்சு. பாகம் பிரிக்கையில எந்தம்பி வெள்ளத்துர அதத்தான் கேட்டான். காணாமப் போயிட்டுன்னு சொல்லிட்டேன். பதினோரு வருசமா அது மேலதான் படுக்கேன். வெயில்ல போட்டா அவன் பாத்துருவாம்லா? ரெண்டு வீட்டுக்கும் முன்னால ஒரே முற்றம் வே! என் கல்யாணப் பந்தியில என் எலய மட்டும் தாண்டி அப்பளம் போட்டுட்டுப் போனவன் அவன். அவனுக்கு மெத்தயா? மூச்சு நின்னாலும் தரமாட்டேன்!

மெத்தயத் தூக்கிட்டு வர முடியுமா? அதான் அதோட தலவாணிய மட்டும் பையில வச்சு எடுத்துட்டு வாரேன். மீனலோசினி பாக்கட்டும், எம்புட்டுத் தூசியோட நான் குடும்பம் நடத்துதேன்னு. இந்தா, பிடியும்... ஒரு தட்டு தட்டுதேன்... பாத்தீரா, எப்படிப் பொகையுது! ஹச்சூ!

ஏம் வே, நீரும் தும்முதீரு? கண்ணெல்லாம் செவந்துட்டு! ஒமக்கும் இந்தச் சீக்கு இருக்கா? நல்லதாப் போச்சு, ரெண்டு பேரா நின்னு கேட்டா குடுத்துருவாங்க...

ஏய், எங்க எந்திச்சிட்டீரு? கரிவலம்வந்தநல்லூரே இன்னும் வரல, நீரு மதுரைக்கில்லா டிக்கெட் எடுத்தீரு! வே!