கிண்ணம் வீட்டுக்கு வந்த அந்தி

குசினிக் கதவு படபடவென்று தட்டப்பட்டபோது நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. மேசையில் வெற்றிக் கிண்ணம் இருந்தது. அந்தித் தொழுகைக்கு, மஃரிபுக்கு, பாங்கு சொல்லி முடிந்த நேரம். தட்டியது என் மகள் சஹ்லா.

ஹொக்கி மட்டை பொலிஸில் உங்களிடம் இருக்கிறது சேர், மருமகனும் உங்களிடம் இருக்கிறார். என்னிடம் நீங்கள் கேட்பது அந்தக் கதவின் கொண்டியைப் பற்றி மட்டும்தான். கிண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் கொண்டியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் பெயர் மீராமுகைதீன். சாய்ந்தமருதில் பிறைக்கொடி ஹொக்கிக் கழகத்துக்குப் பதினாறு வருடமாகப் பயிற்சியாளர். முதல் பதினைந்து வருடமும் நாங்கள் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. பெனால்டி கோர்னர் அடிக்க எங்களிடம் ஆள் இருக்கவில்லை. பந்தை நிறுத்திக் கொடுத்தால் ஒரே அடியில் கோல் பலகை அதிர வேண்டும். அதற்கு ஒரு மணிக்கட்டு வேண்டும். அந்த மணிக்கட்டு நிந்தவூரில், ஜெஸீம் என்பவரிடம் இருந்தது.

ஒருவர் குடியிருக்கும் ஊருக்குத்தான் விளையாடலாம் என்பது எங்கள் லீக்கின் சட்டம். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரே மகள் இருந்தாள்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது நிந்தவூரிலிருந்து ஒருவர் மைதானத்துக்கு என்னைத் தேடி வந்தார். ஜெஸீமின் முதல் மனைவியின் வாப்பா. பிள்ளை இல்லாததால் பிரிந்துவிட்டார்கள் என்று நான் வீட்டில் சொல்லியிருந்தேன். அவர் தன் மகளின் எக்ஸ்ரே படத்தை எடுத்து நீட்டினார்.

"காக்கா, தோத்துட்டு வந்தா அவர் மனிசனில்ல," என்றார்.

படத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முன்கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உடைத்தவருக்கு நல்ல பலமான கை என்று மனதுக்குப் பட்டது. நன்றி சொல்லி அவரை பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. தோற்றால்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு நானும் மனைவி றஹீமாவும் பின்பக்கத்துக் குசினியையும் அதை ஒட்டிய அறையையும் எடுத்துக்கொண்டோம். நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு.

முதல் ஆட்டத்தில் மருமகன் இரண்டு கோல் போட்டார். வரும் வழியில் பொரித்த கோழி வாங்கி வந்து எல்லாருக்கும் தன் கையால் பரிமாறினார். இரண்டாவது ஆட்டம் மருதமுனையோடு சமநிலை. அன்று அந்தியில் சுவருக்கு அப்பால் ஏதோ விழுந்தது. காலையில் சஹ்லா முக்காட்டை நெற்றி மறைய இழுத்துவிட்டிருந்தாள். அலுமாரியில் இடிபட்டதாம். கொஞ்ச நாளைக்கு உம்மாவோடு இந்தப் பக்கம் படுக்கட்டுமா என்று அவள்தான் கேட்டாள்.

மருமகன் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பினால் அவருடைய பதிவு ரத்தாகிவிடும். அதை அவளுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினேன்.

"சீசன் முடியட்டும் மகள். நாம ஆட்டத்தில வெண்டா உனக்கு ஒரு கரைச்சலும் இல்ல."

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை சேர். அன்றிலிருந்து அதற்காகவே உழைத்தேன். விடியச் சுபஹு தொழுத கையோடு பொடியன்களைக் கடற்கரை மணலில் ஓடவிட்டேன். கோல் காப்பவனுக்கு விரல் முறிந்தபோது கட்டுப்போட்டு இறக்கினேன். எங்கள் பக்கம் ஒரு கோல் விழுந்தால் எனக்குக் கண்ணில் மைதானம் தெரியாது, அந்தச் சுவர்தான் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டே நிற்பேன். பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள். "என்ன காக்கா, ஓடுறது மருமகன், வேர்க்கிறது உங்களுக்கா?" என்பார்கள். தகப்பனின் பயம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வோர் ஆட்டம் முடிந்து வரும்போதும் சஹ்லா குசினிக் கதவடியில் நிற்பாள். மைதானத்து ஒலிபெருக்கி காற்றில் அள்ளுண்டு அரைகுறையாகத்தான் கேட்கும். சலாம் சொல்ல முன்னமே கேட்டுவிடுவாள்.

"வெண்டிட்டமா வாப்பா?"

ஓம் என்றதும் அவள் தோள் தளரும். தொடர்ந்து ஆறு ஆட்டங்கள் வென்றோம். ஆறு தடவை என் மகளைக் காப்பாற்றியிருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இறுதி ஆட்டம் நிந்தவூரோடு. றஹீமா எதற்கும் கண்ணீர் விடுகிறவள் என்பதால் அந்தக் கிழமை அவளைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்டி கோர்னர் கிடைத்தது. மருமகன் மட்டையை ஓங்கினார். அவர் பிறந்த ஊர்ப் பொடியன்கள் வேலியில் ஏறி நின்று, "பொஞ்சாதி ஊட்டுக் கோழி, அடி பாப்பம்!" என்று கத்தினார்கள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்தை றுமைஸ் என்ற சின்னப் பொடியன் தட்டி உள்ளே போட்டான். மைதானமே அவனைத் தோளில் தூக்கியது.

நான் உடனே வீட்டுக்குப் போன் எடுத்தேன். வெண்டிட்டம் மகள், பயப்படாத என்றேன். அவள் சிரித்தாள். கலியாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மருமகன் கிண்ணத்தைத் தொடவில்லை. பையைக் கழகத்து லொறியில் எறிந்துவிட்டு, மட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எல்லாருக்கும் முன்னால் போனார். நான் பார்த்தேன்.

வெற்றி ஊர்வலம் புறப்பட முன் கிண்ணத்தைத் துடைத்து வைக்கலாம் என்று பின்வாசலால் குசினிக்கு வந்தேன். தேத்தண்ணி ஊற்றினேன். அப்போதுதான் தட்டல்.

அந்தக் கதவு மழைக்கு ஊதி இறுகியிருந்தது. இரண்டு மூன்று தரம் முட்டித் தள்ளினால்தான் திறக்கும். அவள் ஒரு தரம் தள்ளியிருந்தாள். ஊர்வலத்து லொறி எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது. படம் எடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள், பள்ளிவாசல் பெரியவர்களும் வந்திருந்தார்கள். அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். எழுந்து போய்க் கொண்டியைப் போட்டேன். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் வெளியே போனேன். மறுநாள் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு மகளின் ஜனாஸாவை அடக்கினோம்.

வென்ற நாளில் அவர் கை ஓங்கியதே இல்லை சேர். அதனால் இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்று முழுதாக நம்பினேன். அவளும் நம்பினாள். நான் கொண்டியிலிருந்து கையை எடுக்கும்போது வெளியே சீனவெடி தொடங்கியிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், பலகைக்கு அப்பால், வாயைக் கதவோடு வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"வாப்பா... வெண்டிட்டமெண்டுதானே போன்ல சொன்னீங்க?"